கோரி மீனின் மீசை தேய்ந்துகொண்டே போகிறது. என்ன மருந்து போடலாம்?

புதுத்தண்ணீர்:
எல்லோருக்கும் வணக்கம். மீன் தொட்டி வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

60 செ.மீ. நீளத் தொட்டி, 54 லிட்டர். மேலே எட்டு கப்பி மீன், அடியில் மூன்று கோரி (கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன்). கோரி வாங்கும்போது, "இது அழுக்கு தின்னும் மீன், மற்றவை சிந்துவதைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், தனியாக எதுவும் போட வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது இரண்டுக்கு மீசை பாதிதான் இருக்கிறது. மூன்றாவதுக்கு ஒரு பக்கம் மீசையே இல்லை, அந்த இடம் வெளுத்துக் கிடக்கிறது. நாள் முழுக்க ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு இருக்கின்றன. திடீரென்று ஒன்று விருட்டென மேலே போய், வாயைத் திறந்து எதையோ கவ்விக்கொண்டு, போன வேகத்திலேயே கீழே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூச்சுத் திணறுகிறதா? மீசைக்கு என்ன மருந்து? உப்பு போடலாமா?

நீலவால்:
முதலில் அந்த உப்பு டப்பாவைக் கீழே வையுங்கள். கோரிக்குச் செதில் கிடையாது, உப்பு ஆகாது. தொட்டியின் அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அமோனியா, நைட்ரேட் எவ்வளவு என்று பார்த்தீர்களா? போட்டோ இருந்தால் போடுங்கள்.

செதில்:
நீலவால் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். கோரிக்குச் செதில் இல்லை என்பது சரி, ஆனால் தோல் வெறுமனே கிடக்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். கோரிடோரஸ் என்ற பெயரின் முதல் பாதி கிரேக்கத்தில் தலைக்கவசத்தைக் குறிக்கும் சொல். கொஞ்சம் உப்பைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். "உப்பு பட்டவுடன் செத்துவிடும்" என்பது மிகை. ஆனாலும் மீசை தேய்வதற்கு உப்பு மருந்தில்லை. அந்த வகையில் டப்பாவைக் கீழே வைப்பதுதான் சரி.

மேலே போய் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது காற்றைத்தான் விழுங்குகிறது. கோரியின் குடலின் பின்பகுதிச் சுவர் மெல்லியது, நிறைய ரத்தக் குழாய்கள் கொண்டது. விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனை அங்கே எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்வழியாக விட்டுவிடும். ஒரு மணி நேரத்தில் சில தடவை போனால் அது அதன் இயல்பு. நிமிடத்துக்கு ஒருமுறை போனால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. எண்ணிப் பாருங்கள். அப்புறம், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு மூன்று செ.மீ. இடம் விட்டு வையுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் அது எங்கே போய் மூச்சு வாங்கும்?

புதுத்தண்ணீர்:
எண்ணிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் மூன்றும் சேர்ந்து 19 தடவை. நிறைய என்றுதான் தோன்றுகிறது.

அடியில் உடைத்த சிறு கல், கறுப்பும் வெள்ளையும் கலந்தது, நாலு செ.மீ. உயரம். அமோனியா 0.5, நைட்ரைட் 0, நைட்ரேட் 80. பி.எச். 7.6. ஹீட்டர் 28 டிகிரியில். தண்ணீர் மாற்றியதே இல்லை, குறைகிற அளவுக்கு மட்டும் ஊற்றிவிடுவேன். (எழுதும்போதே எனக்குப் புரிகிறது, திட்டாதீர்கள்.)

போட்டோவில் இருப்பதில் இரண்டு ஒரே மாதிரி, ஒன்று மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும். மூன்றும் ஒரே வகை என்று சொன்னார்கள்.

பாசிப்படலம்:
திட்ட மாட்டோம் தம்பி. இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேர் இதையே செய்துவிட்டு வந்தவர்கள்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த "அழுக்கு தின்னும் மீன்" கதைதான் எல்லாவற்றுக்கும் மூலம். கோரி அழுக்கைத் தின்னாது. மற்ற மீன்களின் கழிவை எந்தக் கோரியும் உணவாகக் கொள்வதில்லை. அடியில் விழுந்த தீனியைத் தேடித் தின்னும், அவ்வளவுதான். காட்டில் அதன் சாப்பாடு மணலுக்குள் இருக்கும் புழு, பூச்சிகளின் குஞ்சு, சின்னச் சின்ன இறால் வகைகள். உங்கள் தொட்டியில் எட்டு கப்பியும் சாப்பிட்டு முடித்த பிறகு கல் இடுக்கில் போய் விழுந்த துகளைத்தான் இவை மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தன. நாலு செ.மீ. உடைகல்லில் துகள் அடிவரை இறங்கிவிடும், கோரியின் வாய் இறங்காது. மீசையை உள்ளே விட்டுத் துழாவும், எட்டாது. தீனி அங்கேயே அழுகும். உங்கள் அமோனியா அங்கிருந்து வருகிறது என்றுதான் நினைக்கிறேன்.

மீசை வெறும் அலங்காரம் இல்லை, அதாலும் ருசி பார்க்கும். அது போய்விட்டால் தீனி கண் முன்னே கிடந்தாலும் கண்டுபிடிக்கத் திணறும்.

அடுத்தது தண்ணீர். ஆவியாகிப் போவது சுத்தமான தண்ணீர் மட்டும். நைட்ரேட்டும் உப்புகளும் தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போகும், 80 அப்படி வந்ததுதான். ஆனால் இன்றைக்கே முக்கால் தொட்டியை மாற்றிவிடாதீர்கள். மூன்று மாதம் பழகிய தண்ணீரிலிருந்து திடீரென்று வேறு தண்ணீருக்குப் போனால் அதுவும் அடிதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு, வெப்பம் ஒத்துப் பார்த்து, குளோரின் நீக்கி போட்டு. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். குளோரின் போகும். குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் அப்படிப் போகாது. அதனால் நீக்கியையே போட்டுவிடுங்கள்.

பி.எச். 7.6, வெப்பம் 28. இரண்டும் உயர உயர அமோனியாவின் விஷம் கூடும். ஹீட்டரை ஒரு நாளைக்கு ஒரு டிகிரியாக 24-க்கு இறக்குங்கள். கப்பிக்கும் 24 போதும்.

போட்டோவில் மினுமினுப்பாகத் தெரிகிற இரண்டும் வெண்கலக் கோரி, ஏனியஸ். புள்ளி போட்டது பெப்பர்டு கோரி, பேலியேட்டஸ். இரண்டும் ஒன்றில்லை. பெப்பர்டு குளிர்ச்சி பிடித்த மீன், 20-லிருந்து 24 அதற்குச் சுகம். இந்த மூன்றிலும் 28 டிகிரியில் அதிகம் கஷ்டப்பட்டது அதுதான்.

தாமரையிலை:
அண்ணா சொன்னதோடு ஒன்று. கல்லை எல்லாம் ஒரே நாளில் அள்ளி எடுத்துவிடாதீர்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லிலும் ஒட்டியிருக்கும். நான் ஒரே மூச்சில் எடுத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் அதே நாளில் குழாயடியில் பளிச்சென்று கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் தொட்டி பால் மாதிரி கலங்கியது, நாலு டெட்ரா மீன் செத்துப்போய்விட்டன. பாதி இப்போது, பாதி பத்து நாள் கழித்து. ஸ்பாஞ்சைத் தொடவே வேண்டாம். தொட்டே ஆக வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

வெறுந்தரை:
மணல் போடு, மணல் போடு என்று எல்லோரும் சொல்லப் போகிறீர்கள், அதற்கு முன்னால் நான் பேசிவிடுகிறேன். ஐந்து வருடமாக வெறும் கண்ணாடித் தரையில் ஸ்டெர்பாய் கோரி வளர்க்கிறேன், குஞ்சும் எடுக்கிறேன். ஒன்றுக்கும் மீசை தேயவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடியை உறிஞ்சி எடுத்துவிடுவேன். மீசையை அரிப்பது கல்லின் கூர்மை இல்லை, அழுக்கில் வளரும் பாக்டீரியா. சுத்தமாக வைத்தால் எதிலும் வளர்க்கலாம்.

பாசிப்படலம்:
வெறுந்தரை சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. கூர்மையா, அழுக்கா என்ற சண்டை நான் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்த நாளிலிருந்து நடக்கிறது, இன்னும் முடியவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் தொட்டியில் அந்தச் சண்டையே தேவையில்லை, இரண்டையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் மீசை தேயவில்லை என்பதும் மீன் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. மணலில் கோரி தின்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூக்கைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைக்கும். ஒரு வாய் மணலை அள்ளும். உள்ளே என்ன செய்யுமோ, தின்ன வேண்டியதைப் பிரித்துக்கொள்ளும், மணல் மட்டும் இரண்டு செவுள் வழியாகவும் புகை மாதிரி வெளியே வரும். அதன் உடம்பே அந்த வேலைக்காகச் செய்யப்பட்டது. வெறுந்தரையில் அது உயிர் வாழும், முட்டையும் போடும். ஆனால் அந்த ஒரு வேலையைச் செய்ய அதற்கு வாய்ப்பே இல்லை.

வெறுந்தரை:
குஞ்சு எடுக்கும் தொட்டி அது அண்ணா, காட்சிக்கு இல்லை. சரி, இந்த ஒரு பாயிண்ட் உங்களுக்கு.

புதுத்தண்ணீர்:
எந்த மணல் போட வேண்டும்? கடற்கரை மணல் எடுத்து வந்து கழுவினால் ஆகாதா?

நீலவால்:
வேண்டாம். அதில் கிளிஞ்சல் தூள் இருக்கும், தண்ணீரின் கடினத்தையும் பி.எச்.சையும் ஏற்றிவிடும். நன்றாகக் கழுவிய நைஸ் ஆற்று மணல், இல்லையென்றால் சிலிக்கா மணல். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள், பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. இரண்டு செ.மீ. உயரம் போதும், ரொம்ப ஏற்றினால் அடியில் காற்றில்லாமல் கெட்டுப்போகலாம். வாளியில் போட்டு, கலக்கும்போது மேல் தண்ணீர் தெளிவாகிற வரை கழுவுங்கள். கை வலிக்கும், அப்புறமும் கழுவுங்கள்.

முக்கியமான ஒரு விஷயம்: கோரியைப் பிடிக்க வலை வேண்டாம். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் முள் இருக்கிறது, மிரண்டால் அதை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், வலையில் மாட்டினால் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முள் கையில் குத்தினால் சுருக்கென்று கடுக்கும், லேசான விஷம் உண்டு. அகலமான டம்ளரை அடியில் படுக்கவைத்து, கையால் மெதுவாக உள்ளே ஓட்டுங்கள்.

செதில்:
அந்த முள்ளால்தான் பெரிய மீனோடு கோரியை விடக்கூடாது. ஆஸ்கார் மாதிரி ஒன்று அதை விழுங்கப் பார்த்தால், முள் தொண்டையில் குறுக்கே சிக்கி இரண்டுமே செத்துப்போகலாம். கோரி யாரையும் சீண்டாது, தன்னைக் காத்துக்கொள்ள அதனிடம் இருக்கிற ஆயுதம் இதுதான்.

இன்னொன்று, லேபிளில் பெயர் பார்த்துக் குழம்பாதீர்கள். 2024-ல் கோரிடோரஸ் என்ற பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். வெண்கலக் கோரி இப்போது ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா, பெப்பர்டு ஹாப்லிசோமா பேலியேட்டம். பழைய பெயரிலும் விற்பார்கள், புதுப் பெயரிலும் விற்பார்கள். நம் எல்லோருக்கும் அது கோரிதான். இந்தப் பெப்பர்டுக்கு ஒரு பெருமை உண்டு, பீகிள் கப்பலில் போன டார்வின் சேகரித்து வந்த மீன்களில் இதுவும் ஒன்று. இயற்கையியலாளர் ஜெனின்ஸ் 1842-ல் அதற்குப் பெயர் வைத்தார்.

புதுத்தண்ணீர் (12 நாள் கழித்து):
முதல் பாதிக் கல்லை எடுத்தேன். குழாயை உள்ளே விட்டதும் தண்ணீர் காப்பித் தூள் கலந்த மாதிரி வந்தது, நாற்றம் தாங்கவில்லை. அழுகிய முட்டை வாடை. ஒரு மூலையில் நான் போட்ட தீனி அப்படியே உருண்டையாகப் பூசணம் பூத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில்தான் இவை தூங்கும்.

பத்து நாளில் இரண்டாவது பாதியும் எடுத்து மணல் போட்டாயிற்று. அமோனியா 0. நைட்ரேட் 30-க்கு வந்திருக்கிறது. ஹீட்டர் 24. விளக்கு அணைத்த பிறகு மூழ்கும் தீனி வில்லை ஒன்று போடுகிறேன், வாரம் இரண்டு நாள் உறையவைத்த சிவப்புப் புழு. மேலே போகிறதை மறுபடி எண்ணினேன், கால் மணி நேரத்தில் 3.

மணல் போட்ட அன்று முதல் ஒரு மணி நேரம் மூன்றும் ஓரத்திலேயே நின்றன. அப்புறம் ஒன்று மூக்கை லேசாகத் தொட்டது. நிமிர்ந்தது. கண்ணைச் சிமிட்டியது, நிஜமாகவே சிமிட்டியது! பிறகு கண் வரைக்கும் புதைத்துக்கொண்டது. பாசிப்படலம் அண்ணா சொன்ன புகையைப் பார்த்தேன்.

தாமரையிலை:
அது சிமிட்டல் இல்லை, மீனுக்கு இமை ஏது? கண் விழியை அப்படியே கீழே உருட்டிப் பார்க்கும், நமக்குச் சிமிட்டுகிற மாதிரி தெரியும். தெரிந்த பிறகும் எனக்கு அது சிமிட்டல்தான்.

மீசை அடி முற்றிலும் போகாமல் இருந்தால் மெதுவாக வளரும். அதுவரை வில்லையை ஒரே இடத்தில் போடுங்கள், தேட வேண்டியிருக்காது.

பாசிப்படலம்:
நல்ல செய்தி. இப்போது எண்ணிக்கைக்கு வாருங்கள். கோரி கூட்டமாக வாழும் மீன். இரண்டு வெண்கலம், ஒரு பெப்பர்டு என்று இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், ஆனால் ஒரு கூட்டமாகச் சேராது. ஒரே வகையில் ஆறு வேண்டும். உங்கள் தொட்டிக்கு ஆறு வெண்கலம் பொருந்தும். தொட்டியின் உயரத்தை விடத் தரையின் பரப்புதான் கோரிக்குக் கணக்கு, உங்களுக்கு 60-க்கு 30 இருக்கிறது. புதிதாக வாங்குவதை நேராக உள்ளே விடாமல் தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். பெப்பர்டை, அதே வகை கூட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுங்கள்.

வெறுந்தரை:
தனித் தொட்டிக்கு வெறுந்தரைதான் வசதி என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

புதுத்தண்ணீர் (ஒன்பது வாரம் கழித்து):
பெப்பர்டு இப்போது நண்பர் வீட்டில், தன் ஆட்கள் ஏழு பேரோடு. வெண்கலம் இங்கே ஆறு. தனித்தொட்டியில் நான்கு வாரம் இருந்துவிட்டுத்தான் வந்தன (வெறுந்தரை அவர்களுக்கு நன்றி). ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டுவது நின்றுவிட்டது. பகலிலேயே ஆறும் வரிசையாகக் கண்ணாடி ஓரம் ஓடுகின்றன. பழைய இரண்டில் ஒன்றுக்கு மீசை முழுசாக வந்துவிட்டது. இன்னொன்றுக்கு ஒரு பக்கம் கடுகு அளவு முனைதான் வந்திருக்கிறது, அதற்கு மேல் வளரும் என்று தோன்றவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது.

இன்று வந்த விஷயம் வேறு. நேற்றுத் தண்ணீர் மாற்றினேன். மழை பெய்து குழாய்த் தண்ணீர் சில்லென்று இருந்தது, தொட்டியை விட மூன்று டிகிரி குறைவு. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஊற்றிவிட்டேன். இன்று காலை ஃபில்டர் தண்ணீர் விழுகிற பக்கத்துக் கண்ணாடியில் மங்கலான வெள்ளையில் மணி மணியாக ஒட்டியிருக்கிறது. நத்தை முட்டையா? சுரண்டிவிடலாமா?

தாமரையிலை:
சுரண்டாதீர்கள்!!! நத்தை முட்டை ஜெல்லி மாதிரி கொத்தாக இருக்கும். இது கோரி முட்டை.

செதில்:
மூன்று டிகிரி குளிர்ந்த தண்ணீர் அவற்றுக்கு மழைக்காலம் வந்த மாதிரி. வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே செய்வதை நீங்கள் சோம்பலில் செய்துவிட்டீர்கள்.

முட்டை போடும்போது பார்த்தீர்களா? ஆண் குறுக்கே நிற்கும், பெண் அதன் வயிற்றில் வாயை வைத்து ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெண் விந்தை விழுங்குகிறது, அது குடல் வழியாகச் சட்டென்று கடந்து, அடித்துடுப்புகளைக் கூப்பிப் பிடித்திருக்கும் முட்டைகளுக்குப் போய்ச் சேருகிறது என்று 1995-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெண்ணின் வாயில் சாயம் விட்டு, அது எவ்வளவு சீக்கிரம் பின்னால் வருகிறது என்று பார்த்தார்களாம். காற்றை விழுங்கிப் பின்வழியாக விடுகிற அதே குடல்தான்.

வெறுந்தரை:
இப்போது என் முறை. முட்டையை அங்கேயே விட்டால் கோரிகளே தின்றுவிடும், கப்பியும் சேர்ந்துகொள்ளும். விரல் நுனியால் மெதுவாக உருட்டினால் வந்துவிடும், தோல் கெட்டியானது, பயப்பட வேண்டாம். அதே தொட்டித் தண்ணீர் நிறைத்த டப்பாவில் போட்டு, தொட்டியிலேயே மிதக்கவிடுங்கள், ஒரு காற்றுக் கல் லேசாகக் குமிழ்விட வேண்டும். ஒரு சொட்டு மெத்திலீன் ப்ளூ (நீலச் சாய மருந்து) விட்டால் பூசணம் தள்ளிப் போகும். பஞ்சு மாதிரி முழு வெள்ளையாக மாறுவது கருவுறாத முட்டை, தினமும் பொறுக்கி எறியுங்கள், பக்கத்து முட்டைக்கும் பரவிவிடும். 24 டிகிரியில் நாலைந்து நாளில் பொரிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சள் கரு பையிலேயே சாப்பாடு இருக்கும், எதுவும் போடாதீர்கள். அப்புறம் மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு, இல்லையென்றால் அன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ப் பொடி இறால்). டப்பாவின் அடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குஞ்சு சாவது பசியால் குறைவு, அடியில் தங்கும் அழுக்கால் அதிகம்.

புதுத்தண்ணீர்:
23 முட்டை எடுத்தேன். இன்னும் செடிக்குப் பின்னால் இருக்கலாம், கை போகவில்லை.

நீலவால்:
விடுங்கள், அது கப்பியின் பங்கு.

புதுத்தண்ணீர் (ஆறு நாள் கழித்து):
9 பூசணம், 14 பொரித்தது. முற்றுப்புள்ளிக்கு வால் முளைத்த மாதிரி இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மீசை இருக்கிறது.